பிஸ்கட் தகரத்தில் வந்த பிள்ளை

கல்யாணமாகிப் புகுந்த வீட்டுக்கு வரும்போது நான் ஒரு குழந்தையைத் திருடிக்கொண்டு வந்தேன். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் குழந்தை. களிமண்ணில் செய்து வர்ணம் பூசியது. இடது கால் பெருவிரல் உடைந்திருக்கும், மூக்கு நுனியில் வர்ணம் உதிர்ந்து வெள்ளையாகத் தெரியும். சூரியநெல்லியில் என் அப்பா வீட்டுக் கிறிஸ்துமஸ் குடிலின் பாலன் சொரூபம் அது. அதை ஒரு பிஸ்கட் தகரத்தோடு தூக்கி, பட்டுப்புடவைக்கு அடியில் வைத்து, பெட்டியைப் பூட்டிச் சாவியை ஜாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டேன். கல்யாணப் பெண் கண்கலங்கிக்கொண்டு நிற்கிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். மாட்டிக்கொள்வோமோ என்ற பயத்தில் நின்றேன்.

ஏன் திருடினேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீடு தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் கடைசி வீடு. டிசம்பர் பிறந்ததும் அப்பா மரத்துப் பாசியும் பெரணியும் பறித்து வந்து குடில் கட்டுவார். மாதா, சூசையப்பர், இடையர்கள், ஆடுமாடு எல்லாம் அன்றைக்கே குடியேறிவிடும். நடுவில் வைக்கோல் மெத்தை மட்டும் காலியாகக் கிடக்கும். பாலன் பரண்மேல் பிஸ்கட் தகரத்துக்குள் இருப்பார். கிறிஸ்துமஸ் காலை ஆறு மணிக்கு, வீட்டிலேயே இளையவர் யாரோ அவர்தான் தகரத்தைத் திறந்து பாலனை எடுத்து மெத்தையில் வைக்க வேண்டும். அதுவரை ஒருவரும் ஒரு வாய் டீகூடக் குடிக்கக் கூடாது. அடுப்பில் ஆட்டுக்கறிக் குழம்பு மூடி போட்டு இருக்கும். அந்தக் குளிரில் அந்த வாசனையோடு காத்து நிற்பது சாதாரணத் தவமில்லை. பாலனை வைத்ததும் அப்பா ஒவ்வொரு வருஷமும் ஒரே வார்த்தையைச் சொல்வார்.

"சின்னவ வச்சாச்சு. இனி கறிச்சட்டியத் தொறக்கலாம்."

அந்தச் சின்னவள் நான். எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல் இருபத்தாறு வயதுவரை நான்தான். அண்ணன் சிறுவயதில் அந்த வேலைக்காக என்னிடம் பம்பரம், கோலிக்குண்டு, ஒரு உயிருள்ள முயல் எல்லாம் லஞ்சம் பேசிப் பார்த்தான். நான் அசையவில்லை. கடைசியில் அவன் கல்யாணம் செய்து ஒரு பெண்ணைப் பெற்றுவிட்டான். போன கிறிஸ்துமஸில், ஆறு மாதக் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு என் எதிரே நின்று, "அடுத்த வருஷம் இவதான் வைப்பா. ஒன் வேல போச்சுடி" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மே மாதம் பெட்டி கட்டும்போது பரணில் ஏறிவிட்டேன். ஒரு கைக்குழந்தையைப் பழிவாங்கிய பெண் எங்கள் இடுக்கி ஜில்லாவிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

புகுந்த வீடு பாலக்காடு ஜில்லாவில், கொல்லங்கோட்டுக்குப் பக்கத்தில். அங்கே ஒரு தமிழ் மீடியம் பள்ளிக்கூடத்தில் எனக்கு டீச்சர் வேலை கிடைத்திருந்தது. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் நெல்வயல். ஐந்தாம் வகுப்பு ஜன்னலோரம் டிராக்டரைத் தேவைக்கு மேல் பத்துத் தடவை ஓட்டிக்கொண்டிருந்தவரைத்தான் கட்டிக்கொண்டேன். அவர்கள் இந்துக்கள், நாங்கள் கத்தோலிக்கர். இரண்டு வீடும் மூன்று மாதம் முகத்தைத் தூக்கி வைத்திருந்துவிட்டு, பிறகு ஒரே நாளில் இறக்கி வைத்தன. "அவரவர் சாமிய அவரவர் கும்புட்டுக்கட்டும்" என்று மாமனார் சொன்னதோடு பேச்சு முடிந்தது.

டிசம்பர் விடுமுறைக்குச் சூரியநெல்லி போகலாம் என்றுதான் நினைத்திருந்தேன். மாமனார் சபரிமலைக்கு மாலை போட்டிருந்தார். அதுவும் பதினெட்டாவது வருஷம். பதினெட்டாம் வருஷம் மலை ஏறுகிறவர் தென்னங்கன்று ஒன்று கொண்டுபோய் அங்கே நட வேண்டுமாம். கிணற்றடியில் அந்தக் கன்று மாலை போட்ட நாளிலிருந்து ராஜமரியாதையோடு வளர்ந்துகொண்டிருந்தது. இருமுடி கட்டும் சடங்கை இங்கே கட்டுநிறை என்பார்கள். அது டிசம்பர் இருபத்தைந்து, காலை ஒன்பது மணி என்று முடிவாகியிருந்தது.

"சாமி மலைக்குப் பொறப்படறன்னிக்கு ஊட்டுக்கு வந்த மருமக ஊட்டுல இல்லாட்டி எப்படிக் கண்ணு?" என்றார் மாமியார்.

கிறிஸ்துமஸுக்கு வீட்டில் இருக்க மாட்டேன் என்று அம்மாவிடம் போனில் சொன்னேன். அம்மா "செரி" என்றார். அந்த ஒரு "செரி"யை நான் இரண்டு நாள் மென்றுகொண்டிருந்தேன்.

மாலை போட்ட வீட்டின் கதையே தனி. விரதம் முடியும்வரை கறி, மீன், முட்டை கிடையாது. மாலை போட்டவரைப் பெயர் சொல்லியோ முறை சொல்லியோ கூப்பிடக் கூடாது, சாமி என்றுதான் கூப்பிட வேண்டும். அவரும் பார்க்கிற எல்லோரையும் சாமி என்பார். கோபமும் படக் கூடாது. மற்ற நாட்களில் எங்கள் செவலைப் பசுவை அவர் திட்டுவதைக் கேட்டுத்தான் அந்தத் தெருவே எழுந்திருக்கும். இப்போது அது கறக்கும்போது காலைத் தூக்கினால், "சாமி, கால எறக்குங்க சாமி" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வார். நான் சமையலறையில் முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டு சிரிப்பேன்.

டிசம்பர் இரண்டாம் வாரம் ஹாலில், டிவிக்குப் பக்கத்தில், குடில் கட்டினேன். சொரூபங்களைப் பாலக்காட்டில் வாங்கினேன். பாலனை மட்டும் வாங்கவில்லை. கடைக்காரர் "செட்டைப் பிரிக்க முடியாது" என்றார். புதுப் பாலனை அவருக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். என் பாலன் பீரோவுக்குள் தகரத்தில் பத்திரமாக இருந்தார்.

மாமியார் குடிலுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து விசாரித்தார்.

"இந்தம்மா யாரு கண்ணு?"

"மாதா, அத்தை. குழந்தையோட அம்மா."

"தாடிக்காரரு?"

"சூசையப்பர். வீட்டுக்காரர்."

"ஒட்டகத்தோட மூணு பேரு நிக்கறாங்களே, ஒறம்பரையா?"

"ஆமா அத்தை, சொந்தக்காரங்க மாதிரிதான். சீர் கொண்டு வர்றாங்க."

சீர் என்றதும் அவருக்கு மதிப்புக் கூடிவிட்டது. அந்த மூவரையும் வாசலுக்கு இன்னும் கொஞ்சம் கிட்டே நகர்த்தி வைத்தார். பிறகு வைக்கோல் மெத்தையைப் பார்த்தார்.

"எல்லாரும் வந்துட்டாங்க. புள்ளையக் காணமே?"

"இருபத்தஞ்சாந் தேதி காலைல ஆறு மணிக்குத்தான் அத்தை பொறக்கும்."

மாமியாரின் முகம் மாறியது. விரலை மடக்கி எதையோ கணக்குப் போட்டார். எழுந்து நின்றார்.

"ஊட்டுல புள்ள பொறந்தாத் தீட்டாச்சே கண்ணு."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அப்போதுதான் எனக்கு விஷயம் உறைத்தது. பிள்ளை பிறந்த வீட்டுக்குத் தீட்டு உண்டு. தீட்டுள்ள வீட்டில் மாலை போட்டவர் இருந்தால் நாற்பத்தொரு நாள் விரதமும் வீண். ஆறு மணிக்கு ஹாலில் பிள்ளை பிறந்தால் ஒன்பது மணிக்கு அதே ஹாலில் எப்படி இருமுடி கட்டுவது? தென்னங்கன்று என்ன ஆவது? பதினெட்டு வருஷம்?

"அது மண்பொம்மை அத்தை!" என்றேன். எனக்குக் கோபம் வந்தால் குரல் டீச்சர் குரலாகிவிடும்.

"மண்ணுன்னா அப்பறம் எதுக்குக் கண்ணு கும்புடறே?" என்றார் அவர். சண்டைக்காகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

நான் சமையலறைக்குப் போய் இரண்டு தேங்காயைத் துருவித் தள்ளினேன். அன்றைக்குச் சமையலில் தேங்காயே தேவைப்படவில்லை. துருவத் துருவ ஒன்று மட்டும் தெளிவாகிக்கொண்டே வந்தது. மண்பொம்மைதான் என்றால் அதற்காக நான் பரண் ஏறியிருக்க மாட்டேன். மாமியார் பாலனை மதிக்கவில்லை என்று நான் கொதிக்கிறேன். அவரோ உண்மையாகவே பிள்ளை பிறக்கப்போகிறது என்று பயப்படுகிறார். எங்கள் லயத்தில் அவ்வளவு நம்பியவர்கள் யாராவது இருந்தார்களா என்று யோசித்தேன். இருந்ததாகத் தெரியவில்லை.

என் வீட்டுக்காரர் மத்தியஸ்தத்துக்கு வந்தார். "ஒண்ணும் கொழப்பமில்ல" என்பது அவர் வாயில் நாளுக்கு நாற்பது தடவை வரும். குழப்பம் முற்றியபோதுதான் அதிகமாக வரும். மலைக்குக் கூட்டிப்போகும் குருசாமிக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார். மாமனார் கறுப்பு வேட்டியைப் பிடித்தபடி தூணோரம் நின்று கேட்டார். இத்தனை நாளும் அவருக்குச் சோறு சரியாக இறங்கவில்லை என்பதை நான் கவனித்திருந்தேன்.

"புள்ள ஆரு வழிங்க? பங்காளி வழியா?" என்றது குருசாமியின் குரல்.

"இல்லீங் சாமி. பொண்ணூட்டு வழி."

"எங்க பொறக்குது?"

"எங்கூட்டு ஹால்லதானுங். டிவிக்குப் பக்கத்துல."

குருசாமி அடுத்த கேள்வியைப் போட்டார். "நெசத்துல அது எங்க பொறந்துச்சுங்க?"

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். "மாட்டுத் தொழுவத்துல" என்றேன்.

"அப்பறமென்னங்க? அங்கயே பொறக்கட்டும். உங்க மாட்டுச்சாளை ஊட்டுக்கு வெளிய தனியாத்தான இருக்குது? சாமியே சரணம்" என்று குருசாமி போனை வைத்துவிட்டார்.

மாமனார் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். நேராக மாட்டுச்சாளைக்குப் போய்த் துடைப்பத்தை எடுத்துவிட்டார். நான்தான் வாசலில் நின்று, "மாட்டுச் சாணிக்கு நடுவுலயா எங்க பாலனப் போடுவாங்க?" என்று கத்தினேன். கத்தி முடிப்பதற்குள்ளேயே நான் சொன்னது என் காதில் விழுந்தது. என் வீட்டுக்காரர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டு தோள் குலுங்க நின்றார். எனக்கும் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. இரண்டு பேரும் தென்னை மரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். இருபத்தாறு வருஷம் அலங்கார பல்பு போட்ட குடிலைப் பார்த்து வளர்ந்தவளுக்கு, மாட்டுத் தொழுவம் என்றால் மாடு இருக்கும் என்பது மறந்தே போயிருந்தது.

அதற்குப் பிறகு அந்த வீடு தலைகால் புரியாமல் ஆடியது. மாமனார் மாட்டுச்சாளைக்குச் சுண்ணாம்பு அடித்ததும் ஹாலில் இருந்த குடிலைத் தூக்கி அங்கே வைத்தோம். என் வீட்டுக்காரர் கூரைமேல் ஏறிக் காகித நட்சத்திரத்தைக் கட்டி, மோட்டார் ரூமிலிருந்து ஒயர் இழுத்தார். மாமியார் சாளை முன்னால் கோலம் போட்டு மாவிலைத் தோரணம் கட்டினார். பால் வாங்க வருகிறவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்து, "எப்பங்க பிரசவம்?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். மாமியார் தேதியும் நேரமும் சொல்வார். மாதாவின் முகத்தைப் பார்த்து, "தலைப்பிரசவம் பாவம்" என்றும் ஒருநாள் சொன்னார்.

இவ்வளவு ஆட்டத்துக்கு நடுவில், இருபத்திரண்டாம் தேதி அம்மாவிடமிருந்து போன்.

"ஏட்டி, பரண்ல பிஸ்கட் தகரத்தக் காணோம். எலி இழுத்துட்டுப் போயிருக்குமோ?"

எலி எப்படித் தகரத்தை இழுக்கும் என்று நான் கேட்டிருக்க வேண்டும். "இருக்கும்மா" என்றேன்.

"ஒங்க அப்பா புதுசு வாங்க மாட்டேங்குதாரு. வைக்கோல் மெத்த அப்படியே காலியாக் கெடக்கு. செரி, நீ எப்படி இருக்க?"

நான் நன்றாக இருப்பதாகச் சொல்லிவிட்டு, பீரோவைத் திறந்து தகரத்தைப் பார்த்தேன். பாலன் உடைந்த பெருவிரலோடு மல்லாந்து கிடந்தார். அங்கே அவர் இல்லாமல் ஒரு வீட்டில் கிறிஸ்துமஸ் நின்றுகொண்டிருக்கிறது. அண்ணன் மகள், ஒன்றரை வயது, இந்த வருஷம் எதை எடுத்து வைப்பாள்? நான் அவளிடமிருந்து பிடுங்கியதன் அளவு அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. கூரியரில் அனுப்பினால் கிறிஸ்துமஸுக்குள் போய்ச் சேராது. பஸ்ஸில் போய்க் கொடுத்துவிட்டு வரலாமென்றால், இங்கே மாமியார் ஊருக்கெல்லாம் பிரசவ நேரம் சொல்லிவிட்டார். யாரிடமும் சொல்லாமல் இரண்டு நாள் ஓட்டினேன்.

இருபத்துநாலாம் தேதி மத்தியானம் செவலை குடிலைத் தின்றுவிட்டது.

கயிறு அவிழ்ந்ததை யாரும் பார்க்கவில்லை. நான் போனபோது அது வைக்கோல் கூரையை முடித்துவிட்டு, பாலனின் மெத்தையைத் தின்றுகொண்டிருந்தது. மாதா சாணியில் சாய்ந்திருந்தார். ஓர் இடையரைக் காணவில்லை, இன்றுவரை காணவில்லை. மாமனார் ஓடி வந்தார். விரதக்காரர், திட்டவும் முடியாது, அடிக்கவும் முடியாது. முகமெல்லாம் சிவந்து, "சாமி! என்ன சாமி பண்ணி வெச்சிருக்கறீங்க சாமி!" என்றார். செவலை அவரைப் பார்த்துக்கொண்டே அசைபோட்டது.

நான் சாளைத் தரையில் உட்கார்ந்து சிரித்தேன். சிரித்துச் சிரித்து எங்கே அழுகையாக மாறியது என்று எனக்கே தெரியவில்லை. மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவினார். கூரைக்காக அழுகிறேன் என்று நினைத்து, "பொழுதோட வேற வேஞ்சு போடலாங் கண்ணு" என்றார். அப்போது எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பரண், தகரம், பட்டுப்புடவை, அண்ணன் மகள், எலி, எல்லாம்.

மாமியார் கையை எடுத்துவிட்டார்.

"பெத்தவங்ககிட்டச் சொல்லாம புள்ளையத் தூக்கிட்டு வந்துட்டியா?"

"ஆமா அத்தை."

"அடப் பாவி மகளே" என்றார், ஆனால் குரலில் ரசனையும் கொஞ்சம் இருந்தது. பிறகு தீர்ப்புச் சொன்னார். "அவங்க பாக்காம இங்க புள்ளைய வெக்கப்படாது. காலைல போனப் போட்டு, உண்மையச் சொல்லி, அவங்க கண்ணு முன்னால வெய்யி. இல்லாட்டி வெக்கவே வேண்டாம்."

அன்று சாயங்காலம் குடிலை மறுபடியும் கட்டவில்லை. சாளைதான் இருக்கிறதே என்று விட்டுவிட்டோம். செவலை தீனி தின்கிற மரக்காடியைக் கழுவி, புது வைக்கோல் பரப்பினோம். மாதாவைக் குளிப்பாட்டிக் காடி விளிம்பில் நிறுத்தினோம்.

கிறிஸ்துமஸ் காலை ஐந்தே முக்காலுக்குச் சாளையில் இருந்தேன். கையில் தகரம். என் வீட்டுக்காரர் போனைப் பிடித்துக்கொண்டு நின்றார். மாமியார் ஒரு பித்தளைக் கிண்ணத்தோடு வந்தார். சுக்கு, மிளகு, திப்பிலி, கருப்பட்டி, நல்லெண்ணெய் போட்டுக் கிளறிய மருந்து, பிள்ளை பெற்றவளுக்குக் கொடுப்பது. மாதாவுக்காம். தீட்டுப் படாமலிருக்க மாமனார் கிணற்றடியிலேயே நிற்க வேண்டும் என்பது ஏற்பாடு. அவர் தென்னங்கன்றுக்குத் தண்ணீர் ஊற்றுவது போல நின்று எட்டிப் பார்த்தார். எங்களுக்குக் குளிக்க ஒரு அண்டாவில் மஞ்சள் தண்ணீர் தயாராக இருந்தது.

வீடியோ கால் போகவில்லை. சூரியநெல்லியில் எங்கள் லயத்துக்கு டவர் கிடைப்பதே தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் கொய்யா மரத்தடியில் மட்டும்தான். அன்றைக்கு மலை முழுக்க எல்லோரும் எல்லோருக்கும் போன் பண்ணிக்கொண்டிருந்திருப்பார்கள். அம்மா எண், அண்ணன் எண், அண்ணி எண், மாற்றி மாற்றிப் போட்டோம். ஆறரை. ஏழு. செவலை, தன் காடியில் தீனி போடாமல் வைக்கோலைப் பரப்பிவிட்டு நிற்கிறார்களே என்று கத்தத் தொடங்கியது. ஏழரை. கட்டுநிறைக்கு ஆட்கள் வந்து சரணம் கூப்பிட ஆரம்பித்தார்கள். "நீ உள்ள போ கண்ணு, நேரமாச்சு, குளிக்கோணும்" என்று மாமியாரே சொன்னார். பாலனைச் சும்மா வைத்துவிடலாம் என்று என் கை இரண்டு தடவை தகரத்துக்குள் போனது. வைக்கவில்லை. பசி வேறு. பழக்கதோஷத்தில் நானும் ஒரு வாய் டீ குடிக்காமல் நின்றிருந்தேன்.

எட்டு மணி தாண்டி, திரையில் அம்மாவின் மூக்கு தெரிந்தது.

"கிடைச்சுட்டா! ஏய், எல்லாரும் வாங்க, கிடைச்சுட்டா!" அம்மா போனைப் பிடித்துக்கொண்டு கொய்யா மரத்தைச் சுற்றி ஓடியதில் படம் ஆட்டமாக ஆடியது. அப்பா, அண்ணன், அண்ணி, அண்ணி இடுப்பில் குல்லா போட்ட அந்தப் பிள்ளை. எல்லோரும் சால்வையைப் போர்த்திக்கொண்டு மூச்சில் புகை விட்டார்கள்.

"அம்மா, எலி இல்லம்மா" என்றேன். தகரத்தைத் திறந்து பாலனை எடுத்துத் திரைக்கு நேரே காட்டினேன். உடைந்த பெருவிரலைப் பார்த்ததும் அண்ணன் "அடிக் கள்ளி!" என்று கத்தினான்.

"நான்தான் எடுத்துட்டு வந்தேன். மன்னிச்சுருங்க. இவ வைக்க வேண்டியத நான் எடுத்துட்டேன்."

அம்மா என்னைப் பார்க்கவில்லை. பக்கத்தில் திரும்பி, "கேட்டுச்சா? சொல்லிட்டா" என்று அப்பாவிடம் சொன்னார். அப்பா தலையை ஆட்டினார்.

"வையிம்மா மொதல்ல. பெறகு பேசலாம்" என்றார்.

காடியில் பாலனை வைத்தேன். செவலை முகத்தை நீட்டி, மூக்கால் ஒரு மூச்சு விட்டது. பிள்ளைமேல் இருந்த துரும்பு பறந்தது. மாமியார் சட்டென்று குலவையிட்டார். கிணற்றடியிலிருந்து மாமனார் "சாமியே சரணம்!" என்று ஒரு குரல் கொடுத்தார். வீட்டிலிருந்த மலைக்குப் போகிறவர்கள் எதற்கென்று தெரியாமலே பதில் சரணம் கூப்பிட்டார்கள். அண்ணன் மகள் திரையில் கைதட்டினாள்.

அப்போது அப்பா தொண்டையைச் செருமினார். போனை அம்மாவிடமிருந்து வாங்கிக்கொண்டார். பின்னால் திரும்பி, வீட்டுப் பக்கம் பார்த்து, வழக்கமான அதே குரலில் சொன்னார்.

"சின்னவ வச்சாச்சு. இனி கறிச்சட்டியத் தொறக்கலாம்."

எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. மணி எட்டே கால் ஆகியிருந்தது.

"இன்னும் சாப்பிடலியா நீங்க?"

அண்ணிதான் பதில் சொன்னாள். "ஒங்க அப்பா எங்க சாப்புட விட்டாரு? ரெண்டு மணி நேரமா இந்தக் கொய்யா மரத்தடியில நிக்கோம். பச்சப்புள்ளைக்குப் பால மட்டும் குடுக்க விட்டாரு. தகரம் போனது மே மாசமே தெரியும் இவருக்கு. சின்னவ கையில இருக்கு, அவ வைப்பா, அதுவரைக்கும் சட்டியத் தொடக் கூடாதுன்னு ஒரே பிடிவாதம்."

"அப்ப அம்மா, எலின்னு சொன்னீங்களே?"

"நீயாச் சொல்லுதியான்னு பாத்தேன்" என்றார் அம்மா.

அப்பா போனை முகத்துக்கு மிகக் கிட்டே வைத்திருந்தார். ஒரு கண்ணும் பாதி மீசையும்தான் தெரிந்தன. "இவ வளரட்டும். அடுத்த வருஷம் கொண்டாந்து இவ கையில நீயே குடு. இந்த வருஷம் நீதான்" என்றார். அதோடு டவர் போய்விட்டது.

நான் போனை வெறித்துக்கொண்டு நின்றேன். மூக்கு ஒழுகியது, சிரிப்பும் வந்தது. காடி கிடைக்காத செவலை என் முந்தானையை மெல்லத் தொடங்கியிருந்தது. என் வீட்டுக்காரர் அதைப் பிடுங்கப் பார்த்து, முடியாமல், "சாமி, உடுங்க சாமி" என்றார்.

மாமியார் பித்தளைக் கிண்ணத்தை மாதாவுக்கு முன்னால் ஒரு தடவை காட்டினார். பிறகு விரலால் வழித்து ஓர் உருண்டை பிடித்தார்.

"பெத்தவ திங்க மாட்டா. கொண்டாந்தவ தின்னு. காலைலருந்து பச்சத் தண்ணி பல்லுல படலயே. தின்னுட்டு ஓடு, குளி, கட்டுநெறைக்கு நேரமாச்சு."

வாயைத் திறந்தேன். ஊட்டிவிட்டார். காரம் உச்சந்தலைக்கு ஏறியது. புகுந்த வீட்டில் என் முதல் கிறிஸ்துமஸ் விருந்தைச் சாணி வாசத்தில் நின்று கண்ணில் தண்ணீர் வரத் தின்று முடித்து, இன்னொரு உருண்டையும் கேட்டு வாங்கினேன்.